மாதம் 12 டாலருக்கு ஒரு தேர்தல் ஜோசியம்

2022 ஜூலையில், அமெரிக்க இடைக்காலத் தேர்தலை முன்னிட்டு, ஒரு தேர்தல் கணிப்புத் தளத்துக்குச் சந்தா கட்டினேன். மாதம் 12 டாலர். பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் பெரிய குறை அந்தத் தளத்துக்கு மட்டும் உரியதில்லை. நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்து வேன்கூவரில். கனடாவில் இருப்பது வேறு. இது கொலம்பியா ஆற்றின் வடகரை, பாலத்தைத் தாண்டினால் போர்ட்லண்ட். வீட்டில் எனக்கு மட்டும்தான் ஓட்டு. கணவர் கிரீன் கார்டில் இருக்கிறார். ஓட்டு இல்லாத மனிதர் என்பதாலோ என்னவோ, சந்தா கட்டிய நாளிலிருந்து "உன் கிளி இன்னைக்கு என்ன சீட்டு எடுத்துச்சு?" என்று கேட்பதை அவர் நிறுத்தவே இல்லை.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்த இடைக்காலத் தேர்தல் நம் இடைத்தேர்தல் போல ஒன்று இரண்டு தொகுதி விவகாரம் இல்லை என்பதுதான். அதிபரின் நான்கு வருடப் பதவிக்காலத்துக்கு நட்டநடுவில், பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஒரே நாளில் நடக்கும் தேர்தல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1998, 2002 தவிர ஒவ்வொரு முறையும் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழந்திருக்கிறது. 2010இல் ஒபாமாவின் கட்சிக்கு 63 போயிற்று, 2018இல் டிரம்ப் கட்சிக்கு 40. இது தெரிந்தாலே பாதிக் கணிப்பு முடிந்தது. 12 டாலர் மீதிப் பாதிக்கு.

அந்த மீதிப் பாதியில் நல்ல விஷயங்கள் இருந்தன. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை பார்ப்பவள், ஒரு எண்ணைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. இவர்கள் அதை மறைக்கவில்லை. தொகுதி கடந்த முறை எந்தப் பக்கம் விழுந்தது, அதிபருக்கு நாட்டில் எவ்வளவு ஆதரவு, வேட்பாளர் எவ்வளவு பணம் திரட்டினார், கருத்துக்கணிப்பு இருந்தால் அது, எல்லாவற்றையும் போட்டுப் பல்லாயிரம் தடவை தேர்தலை ஓட்டிப் பார்க்கிறார்கள். நாமே திரையில் ஒரு பட்டையை இழுத்து, "நாடு முழுக்க இரண்டு புள்ளி மாறினால்?" என்று பார்க்கலாம். அந்தப் பட்டையோடு நான் செலவழித்த இரவுகளைப் பற்றிக் கணவரிடம் கேளுங்கள்.

சரி, குறைக்கு வருகிறேன்.

எங்கள் தொகுதி வாஷிங்டன் 3. 2011இலிருந்து அப்போதுவரை குடியரசுக் கட்சியின் ஜெய்மி ஹெரேரா பட்லர்தான் உறுப்பினராக இருந்தார். டிரம்ப்பைப் பதவிநீக்க 2021 ஜனவரியில் ஓட்டுப் போட்ட பத்து குடியரசுக் கட்சியினரில் ஒருவர். சொந்தக் கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? டிரம்ப் ஆதரவோடு ஜோ கென்ட் இறங்கினார். நவம்பருக்கு முன் வேட்பாளரைத் தீர்மானிக்க நடக்கும் 'பிரைமரி'தான் முதற்கட்டத் தேர்தல். எங்கள் மாநிலத்தில் அதில் கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லார் பெயரும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கும், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். ஆகஸ்ட் 2 இரவு எண்ணியவரை, ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு அடுத்து பட்லர் இரண்டாம் இடத்தில் இருந்தார். இங்கே எல்லாமே தபால் ஓட்டு, எண்ணி முடிக்கப் பல நாள் ஆகும். எண்ண எண்ண கென்ட் நெருங்கி வந்து, கடைசியில் ஏறக்குறைய 1,000 ஓட்டில் முந்திவிட்டார். ஒரு வாரத்தில் பட்லர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த ஒரு வாரமும் என் 12 டாலர் தளத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஒன்றுமே இல்லை. முதற்கட்டத் தேர்தலை அவர்கள் கணிப்பதே இல்லையாம். முடிவு வந்த பிறகு தொகுதிப் பக்கத்தில் பட்லர் பெயரை எடுத்துவிட்டு கென்ட் பெயரைப் போட்டார்கள். நிறம் அதே அடர் சிவப்பு, அதாவது குடியரசுக் கட்சிக்கு உறுதியான இடம்.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற மரத்தொழிலாளி, ஆயுள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்கே போட்டவர். ஜூலை முழுக்க அவர் புல்வெளியில் பட்லர் பிரசாரப் பலகை நின்றது. ஆகஸ்ட் நடுவில் அதைப் பிடுங்கி கராஜில் சாய்த்து வைத்தார். அந்த இடத்தில் கென்ட் பலகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அக்டோபரில் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கேட்டதற்கு, வாக்குச்சீட்டில் அந்த வரியை இந்த வருடம் காலியாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். கருத்துக்கணிப்புக்காரர்கள் யாரும் அவருக்கு போன் செய்யவில்லை.

நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் மேரி க்ளூசன்காம்ப் பெரஸ் ஜெயித்தார். கணவரோடு கார் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். வித்தியாசம் 3,000 ஓட்டுகூட இல்லை. நான் காசு கட்டிய தளம் மட்டும் கோட்டைவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தத் தொழிலுக்கே வழிகாட்டியாக இருந்த ஃபைவ்தர்ட்டிஎய்ட் அவருக்குக் கொடுத்த வாய்ப்பு நூற்றுக்கு 2.

டெஸ்டர் புத்தி இங்கே குறுக்கே வந்து நியாயம் பேசும். நூற்றுக்கு 2 என்று சொன்னது நடந்துவிட்டால் மட்டும் அது பிழை ஆகாது. அப்படிச் சொன்ன நூற்றுக்கணக்கான இடங்களில் ஒன்றாவது கவிழவில்லை என்றால்தான் ஏதோ கோளாறு. நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் கணிப்பு மோசமும் இல்லை. பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சிக்குக் கிடைக்க 84 சதவீத வாய்ப்பு என்றார்கள் ஃபைவ்தர்ட்டிஎய்ட்காரர்கள், 222க்கு 213 என்று அந்தக் கட்சிக்கே வந்தது. செனட் அதே கட்சிக்குக் கிடைக்க 59 சதவீதம் என்றார்கள், வரவில்லை. 59 என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதானே. "சிவப்பு அலை" என்று முழங்கிய தொலைக்காட்சிக்காரர்களைவிட இந்த எண்கள் எவ்வளவோ அடக்கமாக இருந்தன.

என் கோபம் சதவீதத்தின் மேல் இல்லை. இந்த இயந்திரத்துக்கு இரண்டு கட்சிகள் மோதுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே கட்சிக்குள் நடப்பது தெரியவில்லை. நமக்கோ அதுதான் முதலில் தெரியும். சத்தியமூர்த்தி பவனில் வேட்டி கிழிந்த செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு கோஷ்டிப் பூசல் என்றால் பாடம் எடுக்க வேண்டுமா? தோற்ற கோஷ்டி தேர்தல் நாளில் என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வியே.

மிச்சிகன் 3இல் இன்னும் வேடிக்கை. அங்கே பதவிநீக்கத்துக்கு ஓட்டுப் போட்ட பீட்டர் மெய்யரை அவர் கட்சியின் ஜான் கிப்ஸ் முதற்கட்டத் தேர்தலில் எதிர்த்தார். நவம்பரில் கிப்ஸைத் தோற்கடிப்பது எளிது என்ற கணக்கில் ஜனநாயகக் கட்சியின் தேர்தல் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, கிப்ஸைத் திட்டுவதுபோலப் பாராட்டும் விளம்பரம் போட்டது. அடுத்த வீட்டுச் சண்டைக்கு விறகு. கிப்ஸ் ஜெயித்தார், நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி ஷோல்டனிடம் தோற்றார்.

முதற்கட்டத் தேர்தலை ஏன் தொடுவதில்லை என்பதும் புரிகிறது. யார் ஓட்டுப்போட வருவார்கள் என்றே தெரியாது. 2014இல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர், சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், தன் சொந்தக் கருத்துக்கணிப்பில் 34 புள்ளி முன்னிலையில் இருந்தார். தன் கட்சியின் டேவ் பிராட் என்ற பேராசிரியரிடம் 11 புள்ளியில் தோற்றார். 2018இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர் ஜோ கிரௌலிக்கு அதே கட்சியின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் கொடுத்த அடியும் அதே ரகம். அந்தத் தொகுதியில் நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம், நிஜப் போட்டி ஜூன் மாதமே முடிந்துவிட்டது. 435இல் பெரும்பாலான தொகுதிகள் அப்படித்தான். அடர் நிறத்தில் இருக்கும் இடங்களில் உட்கட்சிச் சண்டைதான் தேர்தலே, அதைத்தான் இவர்கள் விற்பதில்லை. கடினம் என்பது சரி, அதைச் சந்தா பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்.

ஜெயித்த பிறகும் அதே கதைதான். அந்த 222 பேரை வைத்துக்கொண்டு கெவின் மெக்கார்த்தி சபாநாயகராக 15 சுற்று வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் சொந்தக் கட்சியின் எட்டுப் பேர் எதிரணியோடு சேர்ந்து அவரை இறக்கிவிட்டார்கள். எந்தப் பட்டையை இழுத்தாலும் அந்த எட்டுப் பேர் தெரிய மாட்டார்கள்.

அப்புறம் சேவைக் குறைகள். அறிவிப்புகள் இரவு இரண்டு மணிக்குக்கூட வரும், அதுவும் 0.3 புள்ளி நகர்ந்ததற்கு. சந்தாவை நிறுத்தும் பொத்தான் தளத்திலேயே இல்லை. மின்னஞ்சல் போட்டு, பதில் வந்து, காரணம் கேட்டு, காரணம் சொல்லி முடிப்பதற்குள் டிசம்பர் மாதக் காசையும் எடுத்துவிட்டார்கள். தேர்தல் முடிந்த டிசம்பரில் எனக்கு எதற்குக் கணிப்பு?

வாங்கலாமா என்று கேட்டால், அக்டோபர் ஒரு மாதம் மட்டும் வாங்குங்கள், நாட்டு நிலவரத்துக்கு நல்லது. உங்கள் தொகுதியில் சிட்டிங் உறுப்பினர் சொந்தக் கட்சியிலேயே அடி வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், தெருவில் ஒரு நடை போய்ப் புல்வெளிகளைப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை, இழுத்துப் பார்க்கும் பட்டைக்காக.