படைவீரரின் மன அழுத்தம்: வினாத்தாளா, தலைமுடியா?
தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் விடுப்பில் வரும் வீரரிடம், “எப்படி இருக்கிறாய், மக்களே?” என்று கேட்டால், “ஒரு குறையும் இல்லை” என்றுதான் பதில் வரும். மன அழுத்தத்தை அளக்கும் வினாத்தாளின் பலவீனமும் இதுவே. ஷெல்டன் கோஹன் குழுவினர் 1983-இல் வெளியிட்ட மன அழுத்த அளவுகோலின் பரவலான வடிவில் 10 கேள்விகள். கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. மதிப்பெண் 0 முதல் 40 வரை. செலவே இல்லை. ஆனால் பதவி உயர்வு கெடுமோ என்ற அச்சம் இருந்தால், பேனா தானாகவே ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்துக்குப் போய்விடும்.

மன அழுத்தத்தின்போது உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் தலைமுடியில் படியும்; அது பொய் சொல்லாது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், பின்னந்தலையில் தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ. முடி மூன்று மாதக் கதையைச் சொல்லும். ஆனால் ஒட்ட வெட்டிய ராணுவத் தலையில் அந்த நீளத்துக்கு எங்கே போவது? கடும் உடற்பயிற்சியும்கூட அளவைக் கூட்டிவிடும்; ஸ்டீராய்டு மருந்தும் அளவை மாற்றிவிடும்.

மன அழுத்தம் இதயத்தையும் பாதிக்கும் என்பதால், இதயத்தைக் காக்க இந்த இரண்டில் எது உதவும்? என் ஓட்டு வினாத்தாளுக்கே. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, மன அழுத்தத்துக்கும் முதல் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை எளிய கேள்விகளைக் கேட்டே காட்டியது. வீரர் பெயர் எழுதாமல், மேலதிகாரி இல்லாத இடத்தில் நிரப்பட்டும். கூடவே ரத்த அழுத்தத்தையும் அளக்க வேண்டும். முடிப் பரிசோதனை, ஓய்வு பெற்று முடி வளர்த்த அண்ணன்மார்களுக்குப் பொருந்தும்.