அடம்ஸா, வாத்திறகா? வெள்ளவத்தையில் அடுக்கிய ட்ரவுட் பெட்டி

ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட் மீன் இன்னும் நீந்துகிறது. ஆனால் 1988இல் அந்த இடம் தேசியப் பூங்காவாகிவிட்டது. உள்ளே தூண்டில் போட முடியாது. ஆகவே கொழும்பில் இருந்துகொண்டு ட்ரவுட் பைத்தியம் பிடித்தவனுக்கு வெளிநாடுதான் கதி. எனக்கு அத்தான் வீடு இங்கிலாந்தில் டார்பியில் இருப்பது அதிர்ஷ்டம். அங்கிருந்து பேக்வெல் பக்கம் ஓடும் வை ஆற்றுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன்: ஜூனில் இரண்டு, செப்டம்பரில் ஒன்று. போன தடவை அறுபது ஃபிளை (தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் கட்டிச் செய்த போலிப் பூச்சி) கொண்டுபோய் ஐந்தைத்தான் நூலில் மாட்டினேன். இந்த முறை இருபதுக்கு மேல் இல்லை என்று முடிவு.

ஆற்றில் இருந்து என்ன பூச்சி எழுகிறது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல. சிறகைப் பாய்மரம் போல நிமிர்த்தி வைத்திருந்தால் மேஃபிளை, கூரை போல முதுகின்மேல் மடித்திருந்தால் கேடிஸ். அளவை முதலில் பார்க்க வேண்டும், உருவம் அடுத்து, நிறம் கடைசி. கேடிஸ் வந்தால் எல்க் ஹெயர் கேடிஸ் என்ற மான் மயிர் ஃபிளை, முள் 14ஆம் அளவு (எண் கூடக்கூட முள் சிறிது), விஷயம் முடிந்தது. உள்ளே காற்றுள்ள மான் மயிர் தக்கை மாதிரி மிதக்கும். குழப்பம் மேஃபிளைக்கு எதைக் கட்டுவது என்பதில்தான்: சேவல் இறகில் கட்டிய பாராசூட் அடம்ஸா, வாத்திறகில் கட்டிய சீடீசீயா?

அடம்ஸ் 1922இல் மிச்சிகனில் பிறந்தது; லெனார்ட் ஹாலடே என்பவர் தன் நண்பர் சார்ல்ஸ் அடம்ஸுக்காகக் கட்டியது. நடுக் குச்சத்தைச் சுற்றி இறகைக் கிடையாகச் சுற்றும் பாராசூட் வடிவம் பிறகு வந்தது. சாம்பல் உடம்பு, வரிபோட்ட இறகும் பழுப்பு இறகும் கலந்த வட்டம். எந்தப் பூச்சியையும் அச்சாகக் காட்டாது, ஆனால் பல பூச்சி போலத் தெரியும். நடுவில் நிற்கும் வெள்ளைக் குச்சம் மாலை மங்கலிலும் கண்ணில் படும். சீடீசீ என்பது வாத்தின் வாலடியில் எண்ணெய் சுரக்கும் இடத்து இறகு. அதன் மெல்லிய இழைகளில் காற்றுக் குமிழ் தங்குவதால் மிதக்கும். தண்ணீரில் பார்த்தால் உண்மையான பூச்சியே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அழகுக்குப் போட்டி வைத்தால் வாத்துக்குத்தான் பரிசு.

ஆனால் எனக்கு முடிவைச் சொன்னது ஈரம். ஜூன் மாலை ஒன்றில் நீல இறகு ஆலிவ் என்ற மேஃபிளைப் பூச்சிகள் எழும்பத் தொடங்கின. சீடீசீ கட்டினேன், இரண்டாவது வீச்சிலேயே மீன். சந்தோஷம் அதோடு சரி. மீனின் வழுவழுப்புப் பட்ட வாத்திறகு ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. ஆற்றில் அலசு, டிஷ்யூவில் ஒற்று, உலர்த்தும் பொடியில் போட்டுக் குலுக்கு. சாதாரண மிதப்பு ஜெல்லைத் தடவவும் முடியாது, இழைகள் ஒட்டி இன்னும் மோசமாகும். நான் குலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பூச்சி வரத்து அடங்கிவிட்டது. மறுநாள் மாலை அதே வளைவில் 16ஆம் அளவு அடம்ஸ். மீனை விட்டபின் அலசி, நீரில் விழவிடாமல் காற்றில் இரண்டு பொய் வீச்சு, கொஞ்சம் ஜெல், திரும்பவும் தண்ணீரில்.

வீட்டிலும் அதே கதை. வெள்ளவத்தையில் கடற்காற்று படும் மாடியில் இருக்கிறேன். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. தூண்டில் துரு இரண்டுக்கும் பொது, அதற்குச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் உதவுகின்றன. ஆனால் நசுங்கிய அடம்ஸைக் கேத்தல் ஆவியில் ஒரு நிமிடம் காட்டினால் சேவல் இறகு மறுபடி விறைத்துக்கொள்ளும். சேவல் என்றதும் சந்தையில் வாங்கிவந்த இறகால் கட்டிப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன். மெதுமெதுவென்று இருந்த அது தண்ணீர் குடித்து முழுகிற்று. நீர்மேல் மிதக்கும் ட்ரை ஃபிளைக்கு அதற்கென்றே வளர்த்த விறைப்பான கழுத்திறகு வேண்டும். கடையில் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அத்தான் அங்கே வாங்கித் தந்த பக்கெட்டைத் திருப்பினால் இலங்கையில் கட்டியது என்று இருந்தது!

வாத்து தோற்காத ஓர் இடமும் உண்டு. செப்டம்பரில், கண்ணாடி போல மெதுவாக ஓடும் ஒரு துண்டில், மீன்கள் அடம்ஸைக் கிட்ட வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. "தம்பி, குமிழி வருதோ பார்" என்றார் அத்தான். வரவில்லை, முதுகு மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் மேலே வந்து சாப்பிடவில்லை, நீர்த்தோலில் சிக்கி நிற்கும், பாதி வெளிவந்த பூச்சியைத்தான் எடுக்கின்றன. தாழ்ந்து உட்காரும் ஒரு சீடீசீயைப் போட்டதும் இரண்டு மீன் வந்தன. ஒரே ஒரு மத்தியானம்தான், அதை வைத்துச் சட்டம் எழுத மாட்டேன்.

சரி, பெட்டிக் கணக்கு: அடம்ஸ் பன்னிரண்டு, 14இல் நாலு, 16இல் ஆறு, 18இல் இரண்டு. எல்க் ஹெயர் நாலு. சீடீசீ நாலு, அவை மட்டும் தனியாக, சிலிக்கா போட்ட ஒரு மாத்திரைப் போத்தலில்.