கல்வாழைக் கிழங்கு: மண்ணில் விடுவதா, தோண்டி வைப்பதா?

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் அத்தை வீட்டுக் கல்வாழைக்குக் குளிர்காலமே தெரியாது. எங்கள் ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. இங்கே ஜூன் குளிர்காலம்; அப்போதைய உறைபனி ஒரே இரவில் இலைகளைக் கருக்கிவிடும்.

மண்ணிலேயே விடுவதென்றால், கருகிய தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சருகால் அரையடி உயரம் மூடினால் போதும். இங்கே குளிர்காலத்தில் மழை அரிது. கிழங்கு எளிதில் அழுகாது.

தோண்டினால் வேலை அதிகம். மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, மரத்தூளில் புதைத்து, மாதம் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். போன ஆண்டு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிய நான்கு கிழங்குகள் கூழாகிவிட்டன. இன்னும் மனம் ஆறவில்லை.

தொட்டிச் செடியையும் நீர் தேங்கும் மூலையில் உள்ளதையும் மட்டுமே தோண்டுகிறேன். மற்றவை செப்டம்பர் வரை சருகின் கீழேதான்.