ஹட்டனிலிருந்து பினாங்கு இயந்திரத்தோடு பேசுதல்: ஓர் இலவசத் தொகுப்பு பற்றிய மதிப்பீடு

குறைகடத்தித் தொழிற்சாலை இயந்திரங்களிலிருந்து தரவு சேகரிக்கும் ஹோஸ்ட் மென்பொருளை (இயந்திரத்தோடு பேசும் கணினிப் பக்கத்து நிரலை) எழுதுவதற்குப் பைத்தன் மொழியில் கிடைக்கும் எஸ்.ஈ.சி.எஸ்.ஜெம் என்ற தொகுப்பை, ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே ஏழு மாதங்கள் பயன்படுத்திய பின்னர் இதை எழுதுகிறேன். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்துறையினர் உச்சரிப்பதுபோல் ஒரே சொல்லாகச் சொன்னால், அது வேறு ஏதோ பொருளில் காதில் விழுந்து, அடுத்த அறையிலிருக்கும் அம்மா எழுந்து வந்து என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவிடுவார். எல்.ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமத்தின்கீழ் வெளியாவதால் கட்டணம் கிடையாது; பைத்தனின் பிப் கட்டளை ஒன்றில் நிறுவிவிடலாம்.

மலையகத்தில், சிலிக்கன் தகடுகளில் சிப்புகளை உருவாக்கும் வேபர் ஆலை ஏதும் இல்லை. நான் வேலை செய்வது பினாங்கிலுள்ள, சிப்புகளைப் பொதிசெய்து பரிசோதிக்கும் ஒரு தொழிற்சாலைக்காக. இயந்திரத்தை நேரில் பார்க்காமலே இந்தத் தொழிலைக் கற்க வேண்டியவனுக்கு இத்தொகுப்பு செய்யும் முதல் உதவி, அது ஹோஸ்டாகவும் இயங்கும், இயந்திரமாகவும் இயங்கும் என்பதுதான். ஒரே மடிக்கணினியில் இரண்டு திரைகளைத் திறந்து, ஒன்றை இயந்திரமாக 5000ஆம் போர்ட்டில் காத்திருக்கச் செய்து, மற்றையதை ஹோஸ்டாக அதனுடன் இணைத்தால், இரண்டும் எஸ்1எஃப்13 என்று இலக்கமிட்ட செய்தியைப் பரிமாறித் தொடர்பை உறுதிசெய்துகொள்வதைக் கண்முன்னே பார்க்கலாம். முதல் மூன்று வாரங்கள் நான் இப்படித்தான் படித்தேன். கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பொன்றில் ஒரு மாதம் படமும் அம்புக்குறியுமாகக் கேட்டு விளங்காதது இதில் விளங்கியது.

தரவு சேகரிப்பு எப்படி நடக்கிறது என்பதைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. டீமேக்கர் மணிக்கொரு தடவை ட்ரையரின் வெப்பநிலையைப் பார்த்து ஏட்டில் எழுதுகிறாரே, அதைப்போல ஹோஸ்ட் குறித்த இடைவெளியில் எஸ்1எஃப்3 செய்தியை அனுப்பி மதிப்புகளைக் கேட்பது ஒரு முறை. இரண்டு மணிகளுக்கு இடையில் நடந்தது ஏட்டில் வராது. மற்றைய முறை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடப்பதைப் போன்றது: கூடை தராசில் ஏறும் அந்தக் கணத்தில்தான் பெயரும் நிறையும் பதிவாகின்றன. இயந்திரமும் ஹோஸ்டும் எப்படிப் பேச வேண்டும் என்று வகுக்கும் ஜெம் நியமத்தில் தராசில் ஏறுவது நிகழ்வு. பெயர், நிறை என்று கோடு போட்ட பத்திகள் அறிக்கை. எஸ்2எஃப்33 பத்திகளுக்குக் கோடு போடுகிறது, எஸ்2எஃப்35 அந்த ஏட்டை நிகழ்வோடு இணைக்கிறது, எஸ்2எஃப்37 எழுதத் தொடங்கு என்கிறது. அதன் பின்னர் நிகழ்வு நேரும்போதெல்லாம் இயந்திரமே எஸ்6எஃப்11 செய்தியை அனுப்பிவைக்கும். இம்மூன்று படிகளையும் ஒரே கட்டளையில் செய்து முடிக்கும் வசதியே இத்தொகுப்பில் நான் மிகவும் விரும்பும் அம்சம். பைட் பைட்டாக எழுத வேண்டியிருந்தால் ஒரு வாரத்தை விழுங்கியிருக்கக்கூடிய வேலை இருபது வரிகளில் முடிந்தது.

ஆனால் வசதி கூடியதால் நானும் அசட்டையானேன். சிப்பை நுண்கம்பிகளால் இணைக்கும் ஒரு வயர் பொண்டரிலிருந்து வெப்பநிலை, அழுத்த விசை, அல்ட்ராசோனிக் ஆற்றல் என்று மூன்று மதிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் லொட் (உற்பத்தித் தொகுதி) இலக்கத்தையும், கம்பியைச் செலுத்தும் நுண்முனையான கெப்பிலரி எத்தனை தடவை தொட்டது என்ற எண்ணிக்கையையும் சேர்த்து ஐந்தாக்கி மீண்டும் இயக்கினேன். லொக் கோப்பில் வந்துகொண்டிருந்தவை நேற்றைய மூன்றே மதிப்புகள்தான். நிரலில் தேடி அலுத்து, கடைசியில் எஸ்2எஃப்33க்கு வந்த எஸ்2எஃப்34 பதிலைத் திறந்து பார்த்தால், அதில் 3 என்ற எண் பேசாமல் உட்கார்ந்திருந்தது. அந்த அறிக்கை இலக்கம் ஏற்கனவே வரையறுக்கப்பட்டுவிட்டது என்பது அதன் பொருள். மின்சாரம் போய் வந்தாலும் அறிக்கை வரையறைகளை இயந்திரம் மறக்கக்கூடாது என்பது ஜெம் நியமம். ஹோஸ்ட் நிரலை நிறுத்தியதற்காக அது ஏட்டைக் கிழித்துப் போடாது. பழையவற்றைத் துடைக்கும் கட்டளை இத்தொகுப்பிலேயே இருக்கிறது, நான்தான் அழைக்கவில்லை. இப்போது எனது நிரல் ஒவ்வொரு முறையும் முதலில் துடைத்துவிட்டே தொடங்குகிறது, ஒவ்வொரு பதில் எண்ணும் பூச்சியம்தானா, அதாவது ஏற்கப்பட்டதா, என்று பார்க்கிறது.

இரண்டாவது பாடம் மின்வெட்டு கற்பித்தது. ஆரம்பத்தில் ஹோஸ்ட் நிரலை என் மடிக்கணினியிலேயே இயக்கி, வீ.பி.என். வழியாகப் பினாங்கு இயந்திரத்தோடு இணைத்திருந்தேன். மழைக்காலத்து மாலையொன்றில் மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தது. வெளிச்சம் திரும்பியதும் இணைக்க முயன்றால், அந்த இயந்திரம் என்னை ஏற்க மறுத்தது. வலைப்பின்னல் வழியே இச்செய்திகளை அனுப்பும் எச்.எஸ்.எம்.எஸ். முறையில் வழக்கமாக ஓர் இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஹோஸ்டுடன்தான் பேசும். கயிறு அறுந்தது அதற்குத் தெரியாததால், பழைய நானே இன்னும் மறுமுனையில் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. அங்கே இரவுப் பணியிலிருந்த தமிழ்ப் பொறியியலாளர், “அண்ணே, மெஷின் இன்னும் உங்களோடதான் பேசிக்கிட்டிருக்குன்னு நினைக்குது, நான் கட் பண்ணி விடறேன்” என்றார். மறுநாளே ஹோஸ்ட் நிரலைத் தொழிற்சாலைக்குள் இருக்கும் கணினிக்கு மாற்றினேன். இங்கிருந்து அந்தக் கணினியைப் பார்ப்பதோடு சரி. இதைத் தொகுப்பின் குறையாகக் கொள்ள முடியாது. மலைநாட்டு மின்சாரத்தை நம்பி ஹோஸ்டை வீட்டில் வைத்தவன் நான்.

எண்ணின் வகையிலும் விழிப்பு வேண்டும். செய்திகளின் உள்ளடக்கத்தை வகுக்கும் எஸ்.ஈ.சி.எஸ்.-2 நியமத்தில் முழு எண் ஒரு பைட்டிலும் வரலாம், நான்கு பைட்டிலும் வரலாம். மதிப்பு ஒன்றானாலும் வகை வேறு. எங்கள் இயந்திரங்களில் ஒன்று மாறிகளின் இலக்கங்களை நான்கு பைட் வகையில் மட்டுமே ஏற்கும் என்று அதன் கையேட்டில் இருந்தது. வகையை நிரலில் வெளிப்படையாகக் குறிப்பிட்டால் போதும், ஆனால் கையேட்டை முதலில் படிக்க வேண்டும். செய்தியை அனுப்பிய பக்கம் பதிலுக்குக் காத்திருக்கும் டீ3 நேரம் பொதுவாக 45 விநாடி என்பதையும் மறக்கலாகாது. ஆகவே பதில் தாமதமாகாதபடி, எஸ்6எஃப்11 வந்ததும் அதை வரிசையில் போட்டுவிட்டு, தரவுத்தளத்தில் எழுதும் வேலையைத் தனி இழையிடம் (த்ரெட்) ஒப்படைப்பதே நல்லது.

விலை கொடுத்து வாங்கும் தொகுப்புகளோடு ஒப்பிட்டால், 300 மில்லிமீற்றர் வேபர் ஆலைகள் எதிர்பார்க்கும், வேபர் பெட்டிகளையும் வேலைகளையும் கையாளும் ஈ87, ஈ40, ஈ94 போன்ற நியமங்களுக்கான நடத்தையை இதில் நாமே எழுத வேண்டியிருக்கும். அத்தகைய வேலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆவணங்கள் உதாரணங்களோடு இருந்தாலும், ஜெம் நியமத்தை ஓரளவு தெரிந்தவருக்கே அவை பேசும். இந்த நியமங்களை வெளியிடும் செமி அமைப்பின் நூல்களைப் பணம் கொடுத்தே பெற வேண்டும் என்பது இங்குள்ள மாணவருக்குச் சுமைதான். பொதிசெய்யும் கூடமொன்றில் நான்கைந்து இயந்திரங்களிலிருந்து தரவு எடுப்பதற்கும், இயந்திரமே இல்லாமல் இத்தொழிலைக் கற்பதற்கும் இது தாராளமாகப் போதும்.

எனது பொறுப்பில் இப்போது மூன்று இயந்திரங்கள் இதில் ஓடுகின்றன. நான்காவது, ஆர்.எஸ்.-232 கேபிள் காலத்துப் பழைய இயந்திரம். அதன் கையேட்டின் ஒளிப்பிரதி நேற்றுத்தான் வந்தது. பாதிப் பக்கங்கள் சாய்ந்திருக்கின்றன. இணைத்துப் பார்த்த பின்னர் அதைப் பற்றியும் எழுதுவேன்.