பத்து வருடமா, இரண்டு வருடமா? ஒரே டிசம்பரில் கையெழுத்தான இரண்டு ஒப்பந்தங்கள்

நாங்கள் பன்னிரண்டு பேர் ஆடும் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்கில் (நிஜ ஆட்டக்காரர்களை நம் கற்பனை அணிக்கு ஏலம் எடுத்து, அவர்கள் நிஜத்தில் ஆடுவதை வைத்துப் போட்டியிடும் விளையாட்டு) வம்பு பிடித்த ஒரு விதி உண்டு. ஏலத்தில் ஓர் ஆட்டக்காரரை எடுத்தால் மட்டும் போதாது, எத்தனை வருடத்துக்கு என்றும் அப்போதே சொல்லிவிட வேண்டும். வருடம் கூடக் கூட ஆண்டு விலை குறையும். நடுவில் கழற்றிவிட்டால் மிச்ச வருடங்களின் விலை நம் கணக்கிலேயே நிற்கும். இந்த மார்ச்சில் 33 வயது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் (முதல் தளத்தைக் காப்பவர்) ஒருவர் என் பக்கம் வந்தார். (பெயர் வேண்டாம். லீக்கில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள்.) ஐந்து வருடம் என்றால் ஆண்டுக்கு 24 புள்ளி, இரண்டு வருடம் என்றால் 35. நான் இரண்டு வருடம் என்றேன். "வருஷத்துக்குப் பதினோரு புள்ளியைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்களே அண்ணா" என்று அன்றிரவே ஒரு தம்பி போன் செய்துவிட்டான்.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன். அந்த முடிவை எடுக்கும்போது என் மண்டையில் ஓடியதெல்லாம் 2011 டிசம்பர்.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அப்போதுதான் உலகத் தொடரை, அதாவது லீக்கின் இறுதித் தொடரை, வென்றிருந்தது. அணியின் தூண் ஆல்பர்ட் புஹோல்ஸ். பதினொரு சீசன், 445 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது), மூன்று எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது. ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் சேரலாம்) ஆனவரை ஏஞ்சல்ஸ் அணி பத்து வருடத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்துக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிப் போய்விட்டது. அதே மாதம் கார்டினல்ஸ் கார்லோஸ் பெல்ட்ரானை இரண்டே வருடத்துக்கு, 2.6 கோடி டாலருக்கு எடுத்தது. அடுத்த சீசனை புஹோல்ஸ் 32 வயதில் தொடங்கினார், பெல்ட்ரான் 35ஐத் தொடவிருந்தார். பெல்ட்ரானுக்கு முழங்காலில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

இருவரும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவர்கள் இல்லைதான். புஹோல்ஸ் அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய மட்டையாளர், ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுபவர். பெல்ட்ரான் அவுட்ஃபீல்டர். ஆனால் ஓர் அணி, ஒரு பெரிய ஆளை விட்டுவிட்டு அதே குளிர்காலத்தில் இன்னொரு வயதான ஆளைச் சின்ன ஒப்பந்தத்தில் எடுத்திருக்கிறது. இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

நீண்ட ஒப்பந்தத்தின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பெரிய பெயர் கிடைக்கும், டிக்கெட் விற்கும், வேறு அணி கொத்திக்கொண்டு போகாது. மைல்கற்களும் நம் சட்டையிலேயே விழும். புஹோல்ஸின் 500வது, 600வது ஹோம் ரன்னும் 3,000வது ஹிட்டும் ஏஞ்சல்ஸ் சட்டையில் வந்தவைதான். சரி, அதோடு அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

முதல் இரண்டு வருடக் கணக்கைப் பாருங்கள். 2012, 2013 இரண்டுக்கும் சேர்த்து புஹோல்ஸின் சம்பளம் 2.8 கோடி. பெல்ட்ரானுக்கு 2.6 கோடி. கிட்டத்தட்ட ஒரே செலவு. புஹோல்ஸ் அடித்த ஹோம் ரன் 47. குதிகால் வலியால் 2013இல் 99 ஆட்டத்தோடு அவர் சீசன் முடிந்துபோனது. பெல்ட்ரான் அடித்தது 56, இரண்டு வருடமும் ஆல் ஸ்டார் அணியில் இடம். 2013 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் பாஸ்டனின் டேவிட் ஓர்ட்டிஸ் அடித்த பந்து கிராண்ட் ஸ்லாமாக (நான்கு ரன் தரும் ஹோம் ரன்) போய்விழ இருந்தது. 36 வயது பெல்ட்ரான் ஃபென்வே மைதானத்தின் புல்பென் (பந்து வீச்சாளர்கள் தயாராகும் இடம்) சுவரில் போய் மோதி அதைப் பிடித்தார். விலா எலும்பில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனவர், மறுநாள் ஆட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். தொடரை பாஸ்டன்தான் வென்றது, அது வேறு கதை.

அந்த அக்டோபர் முடிந்ததும் கார்டினல்ஸின் கணக்கு பைசல். ஏஞ்சல்ஸுக்கோ இன்னும் எட்டு வருடமும் 21.2 கோடி டாலரும் பாக்கி.

அந்த ஒப்பந்தத்தின் வடிவமே விவகாரமானது. 2012இல் 1.2 கோடி, 2013இல் 1.6 கோடி, 2014இல் ஒரே தாவாக 2.3 கோடி, அப்புறம் வருடத்துக்குப் பத்து லட்சம் கூடிக்கொண்டே போய் 2021இல் 3 கோடி. கடைசி ஐந்து வருடத்தை மட்டும் கூட்டினால் 14 கோடி. அதாவது மொத்தப் பணத்தில் பாதிக்கும் மேல், 37 முதல் 41 வயது வரையிலான உடம்புக்கு. உடம்பு படியிறங்க, சம்பளம் படியேறியது. மேஜர் லீக் ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை, ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் போயாக வேண்டும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இங்கே அந்த இரண்டாவது ஆயிரத்தையும் யானையை வாங்கியவரே கட்ட வேண்டும். சொகுசு வரிக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரி) ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியைத்தான் எடுப்பார்கள் என்பதால், ஆரம்பச் சம்பளம் குறைவாக இருந்ததும் அங்கே உதவவில்லை. முதல் வருடமே 2.4 கோடியாகத்தான் ஏறியது.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் பணம் இல்லை. பெரிய நகரத்து அணிகளுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும். வராதது அணியில் ஓர் இடம். பெரிய சம்பளக்காரரை பெஞ்சில் உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் கை வராது. ஒப்பந்தம் அவரைத் தினமும் ஆட வைத்துவிடுகிறது.

2017 கோடையில் அனஹைமில் ஓர் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். புஹோல்ஸ் மட்டையோடு வந்ததும் இன்ஃபீல்டர்கள் பின்னால் நடந்து, அவுட்ஃபீல்ட் புல்லில் கால் வைத்து நின்றார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. தரையோடு ஒரு பந்தை நன்றாகவே அடித்தார். தேர்ட் பேஸ்மேன் புல்லில் நின்றபடி நிதானமாக எடுத்தார், பந்தைக் கையில் ஒருமுறை சரிசெய்துகொண்டார், அப்புறம் எறிந்தார். புஹோல்ஸ் இன்னும் முக்கால் தூரம்கூட வந்திருக்கவில்லை. அவருடைய ஓட்டம் இவ்வளவுதான் என்று தெரிந்துதான் அவ்வளவு தள்ளி நிற்கிறார்கள். டபுள் பிளேயில் (ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்) அதிக முறை அவுட்டானவர் என்ற மேஜர் லீக் சாதனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த வருடம் அவர் 149 ஆட்டம் ஆடினார், மட்டைச் சராசரி .241தான் (ஆயிரம் முயற்சிக்கு 241 ஹிட்). அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மைக் டிரவுட்டை வைத்துக்கொண்டு ஓர் அணி தன் மட்டை வரிசையின் நடுவில் இப்படி ஓர் ஆளைத் தினமும் நிறுத்தியது.

அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லாமலும் இல்லை. அடுத்த பிப்ரவரியில், சொற்பச் சம்பளத்தில் இருந்த ஃபர்ஸ்ட் பேஸ்மேன் சி.ஜே. க்ரானை ஏஞ்சல்ஸ் டாம்பா பேவுக்கு அனுப்பிவிட்டது. ஷோஹெய் ஓட்டானி வந்திருந்தார், அவருக்கு டெசிக்னேட்டட் ஹிட்டர் (ஃபீல்டிங் இல்லாமல் மட்டை மட்டும் பிடிப்பவர்) இடம் வேண்டும். அந்த நாட்களில் புஹோல்ஸ் ஃபர்ஸ்ட் பேஸில் நிற்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு நாற்காலி இல்லை. க்ரான் அந்த சீசனில் டாம்பாவுக்காக 30 ஹோம் ரன் அடித்தார். புஹோல்ஸின் செலவுக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுவேன்.

மறுபக்கம், காலியான நாற்காலி கார்டினல்ஸுக்கு என்ன கொடுத்தது? புஹோல்ஸ் போனதற்கு ஈடாக ஏஞ்சல்ஸின் டிராஃப்ட் (புது இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்பு கிடைத்தது, அதில் பந்து வீச்சாளர் மைக்கேல் வாக்காவை எடுத்தார்கள். 2013இலேயே அவர் நேஷனல் லீக் இறுதித் தொடரின் எம்விபி. 2013 முடிந்து பெல்ட்ரான் யாங்கீஸுக்குப் போனதற்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில் வந்தவர் இன்னொரு பந்து வீச்சாளர் ஜாக் ஃப்ளாஹர்ட்டி. ஏஞ்சல்ஸோ புஹோல்ஸ் இருந்த பத்து சீசனில் ப்ளே ஆஃப் (பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) போனது ஒரே தடவை. 2014இல் கான்சஸ் சிட்டியிடம் மூன்றுக்கு மூன்றும் தோற்றுத் திரும்பியது.

கார்டினல்ஸை ஞானி ஆக்கிவிடவும் மாட்டேன். புஹோல்ஸை வைத்துக்கொள்ள அவர்களும் இருபது கோடிக்கு மேல் ஒரு நீண்ட ஒப்பந்தத்தை நீட்டியதாகத்தான் அப்போது செய்தி. ஏலத்தில் தோற்றதால் தப்பித்தார்கள். 2011இலேயே அறிகுறியும் தெரிந்தது. அதுவரை பத்து வருடமும் .300 சராசரி, 30 ஹோம் ரன், 100 ரன் உள்ளே கொண்டுவருவது (ஆர்பிஐ) என்று இருந்தவர் அந்த வருடம் .299, 99 ஆர்பிஐ. முடி அளவு விரிசல். ஆனால் அந்த அக்டோபரில் உலகத் தொடரின் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்த மனிதரைப் பார்த்து யார் விரிசலைத் தேடுவார்கள்? நானாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என் பக்கத்தை இன்னும் வலுவாக்குவதும் அதே புஹோல்ஸ்தான். 2021 மேயில் ஏஞ்சல்ஸ் அவரை விடுவித்தது. டாட்ஜர்ஸ் எடுத்து, பெரும்பாலும் இடது கை பந்து வீச்சாளர்களுக்கு எதிராக மட்டும் இறக்கியது. அடுத்த வருடம் கார்டினல்ஸ் ஒரே வருடத்துக்கு 25 லட்சம் டாலர் என்று திரும்பக் கூட்டி வந்தது. 42 வயதில், தினமும் ஆடாமல், தனக்கு ஏற்ற நாட்களில் இறங்கி 24 ஹோம் ரன், அதில் 700வதும் அடக்கம். மூன்று கோடிச் சம்பளத்தில் செய்ய முடியாததை 25 லட்சத்தில் செய்தார். காரணம், அவரை எப்போது இறக்குவது என்பதை இப்போது ஒப்பந்தம் தீர்மானிக்கவில்லை.

இருந்தாலும் சில இடங்களில் என் குரல் இறங்கும். 2015இல் புஹோல்ஸ் 40 ஹோம் ரன் அடித்தார், ஆகவே நடு வருடங்கள் முழுக்கப் பாழ் என்று சொல்வது நியாயம் இல்லை. சின்ன ஒப்பந்தமும் சுடும். பந்து வீச்சாளர் மேக்ஸ் ஷெர்சருக்கு மெட்ஸ் மூன்று வருடத்துக்கு 13 கோடி கொடுத்து, பாதியில் டெக்சஸுக்கு அனுப்பியது. அதே ஷெர்சர் 30 வயதில் வாஷிங்டனோடு போட்ட ஏழு வருட 21 கோடி ஒப்பந்தம் இரண்டு சை யங் (சிறந்த பந்து வீச்சாளர்) விருதையும் 2019 உலகத் தொடரையும் கொடுத்தது. அதே வாஷிங்டன் அந்த வெற்றி முடிந்த கையோடு ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழு வருடத்துக்கு 24.5 கோடி எழுதிக்கொடுத்தது. அவர் அப்புறம் வீசியது எட்டே ஆட்டம். பந்து வீச்சாளர் விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. என் வாதம் ஃபர்ஸ்ட் பேஸ், டெசிக்னேட்டட் ஹிட்டர் தவிர ஒதுங்க வேறு இடம் இல்லாத, முப்பது தாண்டிய மட்டையாளர்களுக்குத்தான். உச்சத்தில் இருப்பவர் இரண்டு வருடத்துக்கு வரவும் மாட்டார். அது சின்ன ஒப்பந்தத்தின் பெரிய குறை.

தம்பிக்கு இதெல்லாம் சொன்னேன். "உங்க ஆள் இந்த ரெண்டு வருஷத்துலயே படுத்துட்டா?" என்றான். படுக்கலாம். 70 புள்ளி போகும், அவ்வளவுதான், 120 போகாது. வருடத்துக்குப் பதினோரு புள்ளி அதிகம் கொடுத்ததால் இந்த சீசனில் எனக்கு உருப்படியான க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்கும் பந்து வீச்சாளர்) இல்லை, ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். 35 வயதில் அவர் மறுபடி ஏலத்துக்கு வருவார். விலை பத்தைத் தாண்டாவிட்டால் ஒரு வருடத்துக்கு எடுப்பேன். அதற்கு மேல் போனால் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும், அவனுக்கு ஐந்து வருடம்தானே பிடிக்கும்.