கால்வாய்க் கரையா, கிராமத்துச் சாலையா? சாவகாசமாக சைக்கிள் மிதிக்க எது தோது?

"சைக்கிளில் நாலைந்து நாள் சும்மா ஊர்சுற்ற வேண்டும், அவசரமில்லை, மேடு மட்டும் ஆகாது" என்று யாராவது கேட்டால், பெரும்பாலானவர்கள் கால்வாய்க் கரையைத்தான் கை காட்டுவார்கள். அந்தக் காலத்தில் குதிரை படகை இழுத்துப் போன பாதை. தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கும், அதனால் பாதையும் மட்டம், கார் வராது, வழி தவறாது. எல்லாம் சரிதான். ஆனால் கால்வாய்க்குக் கால்வாய் பாதையின் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. மோசமான கரைப்பாதையைவிட நல்ல கிராமத்துச் சாலை எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

முதலில் ஏற்றக் கணக்கு, ஏனென்றால் இதில் கால்வாய்க்குப் போட்டியே கிடையாது. அமெரிக்காவின் செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாய் (சுருக்கமாக சி அண்ட் ஓ) வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் தொடங்கி மேரிலாந்தின் கம்பர்லேண்ட் வரை 297 கிலோமீட்டர். இத்தனை தூரத்துக்கும் கால்வாய் ஏறுவது வெறும் 184 மீட்டர். அதுவும் 74 லாக்குகளில் பிரிந்து கிடக்கிறது. லாக் என்றால் படகை உள்ளே விட்டுக் கதவடைத்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அதை மேலேற்றும், கீழிறக்கும் தொட்டி. ஒவ்வொரு லாக் பக்கத்திலும் சராசரியாக இரண்டரை மீட்டர் மேடு, அதைத் தாண்டினால் மறுபடி சமதளம். மேடுபள்ளமான கிராமப்புறத்தில் இந்த 184 மீட்டரை ஒரு காலைப்பொழுதிலேயே ஏறி முடித்திருப்பீர்கள். விதிவிலக்கும் உண்டு. இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் டிவைசஸ் ஊருக்கருகே கேன் ஹில் என்ற இடத்தில் 3 கிலோமீட்டர் சொச்சத்துக்குள் 29 லாக்குகள், அதில் 16 ஒரே சரிவில் வரிசையாக நிற்கின்றன, மொத்த உயரம் 72 மீட்டர். இறங்கித் தள்ளினாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரி, மட்டமாக இருந்தால் சுலபம்தானே? முதல் நாள், ஆமாம். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் விஷயம் தெரியும். சரிவே இல்லாததால் கால் ஓய்வே எடுக்காது, மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். மேட்டில் எழுந்து நின்று மிதிப்பது, இறக்கத்தில் உட்கார்ந்தபடி சும்மா வருவது என்ற மாற்றம் எதுவும் கிடையாது, ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதில் சீட்டில் படும் எலும்பு கதறும். சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் உள்ள சாலையில் அதே தூரம் போனால் மூச்சு வாங்கும், ஆனால் உடம்பு இப்படி ஒரே இடத்தில் நோகாது. கால்வாயில் போவதானால் சும்மாவாவது அடிக்கடி இறங்கி நடங்கள்.

உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தரைதான். விளம்பரப் படங்களில் இதுதான் தெரியாது. பிரான்சின் தெற்கில் அட்லாண்டிக் பக்கமிருந்து மத்தியதரைக் கடல் வரை இரண்டு கால்வாய்கள் துலூஸ் நகரில் கைகோக்கின்றன. மேற்கே இருப்பது 1856-இல் முடிந்த கரோன் கால்வாய், 193 கிலோமீட்டர். கிழக்கே இருப்பது பியேர் போல் ரிக்கே 1666-இல் தொடங்கிய, உலகப் புகழ்பெற்ற மிடி கால்வாய், 240 கிலோமீட்டர். பேர் வாங்கியது மிடி, யுனெஸ்கோ பட்டியலில் 1996-லேயே ஏறியதும் அதுதான். ஆனால் சைக்கிளுக்கு நல்ல தரை கரோனில்தான் இருக்கிறது. ஏறக்குறைய முழுக்கத் தார் போட்ட பாதை, குழந்தையை இழுவண்டியில் வைத்துக்கூட ஓட்டலாம். மிடியிலோ துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் போலத் தார், அதைத் தாண்டியதும் பல இடங்களில் மண் தடம், அதில் கரையோரம் வரிசையாக நிற்கும் பிளேன் என்ற பெரிய நிழல்மரத்தின் வேர்கள் குறுக்கே புடைத்துக் கிடக்கும். அதில் மணிக்கு 10 கிலோமீட்டர் போவதே பெரும்பாடு. கேரியரில் பக்கப்பை மாட்டியிருந்தால் ஒவ்வொரு வேருக்கும் கொக்கி எழும்பி விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த மரங்களின் கதையும் சோகமானது. 2006-இல் மிடி கரையில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரப்பலகையோடு பிரான்சுக்குள் வந்தது என்பது பரவலான கருத்து. நோய் தொற்றிய மரத்தைக் காப்பாற்ற வழியில்லாததால் ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், வேறு வகைக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். ஆக, படத்தில் பார்த்த, மரங்கள் கவிந்த பச்சைக் குகை எல்லா இடத்திலும் இருக்கும் என்று நம்பி வெயில் காலத்தில் தொப்பியில்லாமல் போகாதீர்கள்.

சி அண்ட் ஓவில் வேர் அவ்வளவு தொல்லையில்லை, சேறுதான் எதிரி. அது பெரும்பாலும் மண்ணும் பொடிக்கல்லும். சில பகுதிகளைச் சமீபத்தில் செப்பனிட்டிருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு நாள் மழை பெய்தால் பழைய பகுதிகள் பிசைந்த மாவு மாதிரி ஆகிவிடும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. தப்பிக்க ஒரு வழி உண்டு: ஹான்காக் ஊரை ஒட்டி, பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்ட வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில் கால்வாய்க்கு இணையாக சுமார் 45 கிலோமீட்டர் ஓடுகிறது. மழை என்றால் யோசிக்காமல் அதில் ஏறிவிடுங்கள். எந்தக் கால்வாயானாலும் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் வேண்டாம், கரோன் மட்டும் விதிவிலக்கு.

போக்குவரத்து விஷயத்தில் கால்வாய்க்கே முழு மதிப்பெண் என்று நினைப்போம், அங்கேதான் நாடு குறுக்கிடுகிறது. இங்கிலாந்தின் ஒரு வண்டி மட்டும் போகும் அகலமுள்ள கிராமச் சாலைகள் பார்க்கக் கொள்ளை அழகு, இரண்டு பக்கமும் ஆளுயர உயிர்வேலி. அந்த வேலிதான் ஆபத்தும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது, வேறு பலகை இல்லாவிட்டால் அந்தச் சந்துச் சாலையிலும் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர்! போதாக்குறைக்கு வேலியை வெட்டும் பருவத்தில் முள் சாலையெல்லாம் சிதறிக் கிடக்கும், பஞ்சர் நிச்சயம். நெதர்லாந்தில் கிராமப்புறச் சாலைகள் பலவற்றில் 60 கிலோமீட்டர்தான் வரம்பு, தனி சைக்கிள் பாதையும் பெரும்பாலும் உண்டு. அதனால் "கிராமத்துச் சாலை" என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட முடியாது. கால்வாயில் கார் இல்லை, ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள்: நடப்பவர்கள், நாய்கள், பாதைக்குக் குறுக்கே தூண்டிலை நீட்டிவைத்து உட்கார்ந்திருப்பவர்கள். பிரிட்டனில் கரைப்பாதையில் நடப்பவருக்கே முதல் உரிமை, மணி அடித்து, வேகம் குறைத்துத்தான் தாண்ட வேண்டும். வேகமாகப் போகும் ஆசை உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது.

வழி கண்டுபிடிப்பதில் ஒரு காலத்தில் கால்வாயை அடிக்க முடியாது, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனையால் அந்த அனுகூலம் பாதி போயிற்று. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 34, 71, 12 என்று துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு அம்புக்குறியைப் பின்பற்றினால் போதும். போனே வேண்டாம். பின்னால் நெதர்லாந்து முழுக்கவும் பரவிவிட்டது. பிடிக்கவில்லையா, அடுத்த சந்திப்பில் வேறு எண்ணுக்குத் திரும்பிவிடலாம். கால்வாயில் அப்படித் திரும்ப முடியாது, முன்னால் போ அல்லது வந்த வழியே போ.

பார்ப்பதற்கு எது நன்றாக இருக்கும் என்றால் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். சாலை ஊருக்கு நடுவில் கொண்டுபோய் விடும், கால்வாய் பெரும்பாலும் ஊரின் பின்பக்கமாக நழுவிப் போகும். ஆனால் கால்வாய்ப் பாலங்களின் அடியில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். பழைய ஆங்கிலக் கால்வாய்களில் பாலத்தின் கல் முனையிலும், கல்லைக் காக்கப் பதித்த இரும்புத் தகட்டிலும் விரல் நுழையும் ஆழத்துக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கும். படகை இழுத்த, மண் ஒட்டிய ஈரக்கயிறு வருஷக்கணக்கில் அறுத்த தடம் அது. இரும்பையே கயிறு அறுத்திருக்கிறது! சாலையில் இதற்கு ஈடாக எனக்கு எதுவும் தோன்றவில்லை. அப்புறம், கரோன் கால்வாய் அஜான் ஊரில் 23 வளைவுகள் கொண்ட 539 மீட்டர் பாலத்தின் மேல் ஆற்றையே தாண்டிப் போகும், படகும் நீங்களும் பக்கத்துப் பக்கத்தில்.

ராத்தங்கலில் சி அண்ட் ஓவை யாரும் மிஞ்ச முடியாது. கரை நெடுக நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் இலவசக் கூடார இடங்கள், ஒவ்வொன்றிலும் கழிப்பறை, மேசை, கைப்பம்பு. ஓரிடத்தில் ஒரு ராத்திரிதான் தங்கலாம், குளிர்காலத்தில் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடுவார்கள். பா பா சுரங்கம் (கிட்டத்தட்ட 950 மீட்டர்) வரும்போது இறங்கித் தள்ள வேண்டும், விளக்கு கட்டாயம் வேண்டும், உள்ளே நடுப்பகலும் இருட்டுதான். இத்தனையும் இன்றைக்கு இருப்பதற்குக் காரணம், அந்தத் தடத்தில் வாகனச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்து 1954-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் முழுத் தூரமும் நடந்ததுதான். 1971-இல் அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது.

இனி யாருக்கு எது? சின்னப் பிள்ளைகளோடு, முதல் முறை போகிறவர்கள் கரோன் போங்கள், வேறு யோசனையே வேண்டாம். கூடாரத்தோடு காட்டுக்குள் கிடக்க ஆசை என்றால் சி அண்ட் ஓ. சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கென்னட் அண்ட் ஏவனில் பாத் முதல் டிவைசஸ் வரை. ஒரே காட்சி சீக்கிரம் சலித்துவிடும் ஆட்களுக்கும், கடை, காபி, பேச்சு என்று போக நினைப்பவர்களுக்கும் கால்வாயே வேண்டாம், பெல்ஜியத்தின் எண் சந்திப்புகள்தான்.

மிடிதான் போவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் துலூஸிலிருந்து கிழக்கே போங்கள், அந்தப் பக்கத்து மேற்குக் காற்று பல நாள் முதுகில் தள்ளும். ஓத்தான் என்ற தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் மட்டும் பாடு திண்டாட்டம்தான். கர்க்கஸோன் தாண்டி, தடம் படுத்த ஆரம்பித்ததும் கூச்சப்படாமல் கரையை விட்டு மினர்வுவா வட்டாரத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சிறு சாலைகளுக்கு ஏறிவிடுங்கள். கொஞ்சம் மேடு இருக்கும், வண்டி ஓடும். லெ சொமாய் பக்கம் மறுபடி கால்வாயில் இறங்கிக்கொள்ளலாம், பெசியேவில் ஃபோன்செரான் லாக் அடுக்கைப் பார்க்க அது போதும்.