தோட்டப்புறத்துக்கு எந்தப் பேருந்து? தனியார் சேவையும் அரசாங்க ஒப்பந்தச் சேவையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களும் எஞ்சி நிற்கும் சில ரப்பர் காடுகளும் சூழ்ந்த எங்கள் சிறு பட்டணத்தை இரு வகைப் பேருந்துகள் நகரத்தோடு இணைக்கின்றன. ஒன்று, தலைமுறை கடந்து ஓடும் ஒரு தனியார் நிறுவனத்தின் பேருந்து. அது தோட்டங்களை ஊடுருவிச் செல்லும் பழைய சாலை வழியாகப் போகிறது. மற்றொன்று, அரசாங்கம் பணம் கொடுத்து ஓட்டச் செய்யும் ஒப்பந்தப் பேருந்து. அது பெருஞ்சாலையை விட்டு விலகுவதில்லை. இரண்டிலும் பல ஆண்டுகளாகப் பயணம் செய்துவருகிறவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாகனம் ஓட்டத் தெரியாத முதியவர்களும், வேலைக்குச் செல்லும் பெண்களும், இடைநிலைப்பள்ளி மாணவர்களும் இந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.

தனியார் பேருந்தின் சிறப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். அதன் ஓட்டுநருக்குப் பயணிகளின் முகமும் தெரியும், அவர்கள் இறங்கும் இடமும் தெரியும். பலகை நட்ட நிறுத்தங்களோடு, கோயில் முகப்பிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குத் திரும்பும் சிம்பாங்கிலும் (சாலைச் சந்திப்பிலும்) அவர் வண்டியை நிறுத்துகிறார். சம்பளம் போட்ட மறுநாள் பாசாரிலிருந்து (சந்தையிலிருந்து) அரிசி மூட்டையோடும் காய்கறிக் கூடையோடும் திரும்பும் பாட்டிமார் ஏறி உட்காரும்வரை வண்டியை நகர்த்துவதில்லை. சில்லறை குறைந்தால், "நாளைக்குக் கொடுங்கம்மா" என்று சொல்லிவிடுகிறார். குளிரூட்டி வேலை செய்யாத நாட்கள் உண்டு, இருக்கைகளும் கிழிந்திருக்கின்றன. ஆயினும் வீட்டு வாசலுக்கு அருகில் இறக்கிவிடும் வண்டி என்பதால், என் தெருவில் உள்ள வயதானவர்கள் அதைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பேருந்து வருமா வராதா என்பதுதான் சிக்கல். காலையில் பள்ளி நேரத்திலும் மாலையில் வேலை முடியும் நேரத்திலும் தவறாமல் வருகிறது. இடைப்பட்ட நேரத்தில், அட்டவணையில் இருக்கும் பயணங்கள் சத்தமில்லாமல் கைவிடப்படுகின்றன. பள்ளி விடுமுறை தொடங்கியதும் கடைசிப் பேருந்து முன்கூட்டியே நின்றுவிடுகிறது. எந்த அறிவிப்பும் கிடையாது. காத்திருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் பணிநேரம் முடிந்து தொழிற்சாலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு இதன் பொருள், இரவில் யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிச் செல்ல வேண்டும், இல்லையேல் அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்பதே.

இதற்கு முதலாளியின் பேராசைதான் காரணம் என்று எழுதிவிடுவது எளிது; அது நியாயமாகாது. வர்த்தக வாகன உரிம வாரியம் வழித்தட உரிமம் வழங்கிய காலத்தில், இலாபம் தரும் தடத்தில் கிடைத்ததைக் கொண்டு இழப்புத் தரும் தடத்தையும் ஓட்டுவது என்ற ஏற்பாட்டில்தான் நிறுவனங்கள் நடந்தன. மோட்டார் சைக்கிளும் மலிவான உள்நாட்டுக் காரும் பெருகியபோது இலாபத் தடங்களே வற்றின. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாற்றப்பட்டும் போனபோது, லயத்தில் கூட்டமாக வாழ்ந்த மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறினார்கள். பேருந்து நிறைந்து வழிந்த தோட்டச் சாலையில் முதியவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நிலைமை முற்றியதால் 2012இல் அரசாங்கம் 40 கோடி ரிங்கிட் இடைக்கால உதவி நிதியை இத்தகைய நிறுவனங்களுக்காக ஒதுக்க வேண்டியிருந்தது. ஆனால் டீசல் விலையைக் காரணம் காட்டிப் பயணங்களைக் குறைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோதும், பொதுப் போக்குவரத்து வாகனங்களுக்கு 1.88 ரிங்கிட் என்ற மானிய விலை காக்கப்பட்டது.

ஒப்பந்தப் பேருந்தின் கணக்கு வேறு. 2015இல் சிரம்பானில் தொடங்கி ஈப்போ, கங்கார், கோலத் திரெங்கானு ஆகிய நகரங்களுக்கு விரிந்த சீரமைப்புத் திட்டத்தில், ஓட்டும் நிறுவனம் தனியாருடையதாகவே இருக்கிறது. ஆனால் ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப அரசாங்கம் பணம் கொடுக்கிறது, பயணிகள் குறைந்தால் ஏற்படும் இழப்பையும் அரசாங்கமே தாங்குகிறது. இந்த ஒரு மாற்றம் கிராமப்புறப் பயணிக்கு எவ்வளவு பெரியது என்பதை நண்பகலில் சாலையோரம் நிற்பவர்தான் அறிவார். இரண்டே பேர் காத்திருந்தாலும் வண்டி வருகிறது. யாருமே இல்லாவிட்டாலும் வருகிறது. காலிப் பேருந்து ஓடுவதைப் பார்த்து வரிப்பணம் வீணாகிறது என்று காப்பிக்கடையில் பேசுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை ஏற்பட்டால்தான் மக்கள் அதை நம்பி வேலைக்கும் படிப்புக்கும் ஒப்புக்கொள்வார்கள், அந்த நம்பிக்கை வேரூன்றும்வரை வண்டி காலியாகத்தான் ஓடியாக வேண்டும்.

வண்டி சுத்தமாக இருக்கிறது. படி தாழ்வாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமின்றி ஏறுகிறார்கள். மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் காலைச் சந்திப்பு உள்ளவர்கள் இப்போது நேரத்தோடு போய்ச் சேர முடிகிறது. அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். ஆனால் பேருந்து தவறினால் போக வர வாடகைக் காருக்கு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கொடுக்க நேர்கிறது. நீரிழிவு முற்றிய ஒருவர் மருந்து வாங்கப் போகாமலே விட்டுவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இவ்வளவு நன்மை செய்யும் சேவை, தோட்டத்துக்குள் ஒரு அடிகூட எடுத்துவைப்பதில்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். பெருஞ்சாலைச் சிம்பாங்கில் இறக்கிவிட்டால், உள்ளே லயம்வரை நிழலும் விளக்கும் இல்லாத செம்மண் சாலையில் நடக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடக்கும்போது ஒதுங்கி நிற்கக்கூட ஓரம் இல்லை, மழைக்காலத்தில் சொல்லவே வேண்டாம். ஓட்டுநரைக் குறை கூற இயலாது. வரைபடத்தில் குறித்த தடத்தை விட்டு அவர் விலகினால் அந்தத் தூரம் கணக்கில் சேராது. தோட்டச் சாலையோ நிர்வாகத்துக்குச் சொந்தமானது, பெரிய வண்டி நுழைய அனுமதி வேண்டும். தடத்தை வரைந்தவர்கள் அந்த அனுமதியை முன்கூட்டியே பேசி வாங்கியிருக்க வேண்டும். பேருந்து எட்டாத வீடுகளில், 16 வயது நிரம்பாத பிள்ளைகள் உரிமம் இல்லாமல் மோட்டார் ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். பெற்றோருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒப்பந்தப் பேருந்தில் கட்டணம் செலுத்தும் அட்டை விஷயமும் சரிசெய்யப்பட வேண்டியது. பணம் ஏற்றும் கடை பட்டணத்தில்தான் இருக்கிறது. அட்டையில் பணம் தீர்ந்ததை வண்டியில் ஏறிய பிறகுதான் பலர் அறிகிறார்கள்.

கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் 50 ரிங்கிட் அட்டை ஒன்றை வாங்கினால் ரேப்பிட் கேஎல் இரயிலிலும் பேருந்திலும் 30 நாட்களுக்கு வேண்டிய அளவு பயணம் செய்யலாம். பெரிய பேருந்து நுழையாத குடியிருப்புகளுக்கு, செயலியில் அழைத்தால் வரும் வேன்களும் அங்கே ஓடுகின்றன. தோட்டப்புறத்துக்குத் தேவைப்படுவதும் அத்தகைய வேன்தான்: சிம்பாங்கில் பெரிய பேருந்து நிற்கும் நேரத்துக்கு லயங்களைச் சுற்றி ஆட்களை ஏற்றிவரும் சிறு வண்டி. திறன்பேசி பழகாத முதியவர்களுக்காக அது தொலைபேசி அழைப்புக்கும் வர வேண்டும். தோட்டத்துச் சந்துபொந்துகளை அறிந்த பழைய தனியார் ஓட்டுநர்களையே அரசாங்கம் அந்த வேலைக்கு ஒப்பந்தம் செய்யலாம். அவர்களுடைய அனுபவம் வீணாகப் போவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இப்போதைக்கு என் பரிந்துரை இது. மருத்துவமனை, நேர்முகத் தேர்வு, தேர்வு என்று நேரம் தவறக்கூடாத பயணங்களுக்கு ஒப்பந்தப் பேருந்தையே எடுங்கள். முதல் நாளே அட்டையில் பணம் ஏற்றிவிடுங்கள். சுமையோடு திரும்புகிறவர்களும் தோட்டத்துக்கு உள்ளே வீடு உள்ள முதியவர்களும் மாலை நேரத் தனியார் பேருந்தில் வரலாம். இருட்டிய பின் அதை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். அட்டவணையில் உள்ள பேருந்து, எந்த நிறுவனத்துடையதாயினும், வராவிட்டால் தேதியையும் நேரத்தையும் நிறுத்தத்தின் பெயரையும் குறித்து, தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆபாட்டுக்கு எழுதுங்கள். 2019 முதல் இந்தப் பொறுப்பு போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கும் அந்த நிறுவனத்திடமே உள்ளது. மலாய் மொழியில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.